கோயில்காட்டில் எத்தனை வகை மரம் இருக்கிறது? போன், கயிறு, தையல் டேப் வைத்து எண்ணும் முறை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் பக்கம் போகிறவர்கள் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். கோயிலை ஒட்டிய காடு, வெளியிலிருந்து பார்க்கப் புதர் மாதிரிதான் இருக்கும். உள்ளே நுழைந்து நின்றால் வேறு உலகம். வெயில் கீழே விழாது. தொடை தடிமனுக்குக் கொடிகள் மரத்துக்கு மரம் தாவிப் போகும். சோழமண்டலக் கடற்கரை ஓரமாக ஒரு காலத்தில் நீளமாக இருந்த உலர் பசுமைமாறாக் காடு இன்றைக்கு பெரும்பாலும் இப்படிச் சாமி பேரைச் சொல்லித்தான் துண்டு துண்டாகப் பிழைத்திருக்கிறது. பாலை, வீரை, காயா, குருந்து, எட்டி, நாவல் என்று மரங்கள். வன்னிக் காட்டைத் தெரிந்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாலையும் வீரையும் புதிதல்ல, அங்கேயும் அதே மரங்கள்தான்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு காடு இருக்கலாம். அதில் என்னென்ன மரம், எத்தனை என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. தாவரவியல் படிக்காதவரும் ஒரு ஸ்மார்ட்போனை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் போன் செய்வது பாதி வேலையைத்தான். பெயருக்கான குறிப்பை அது தரும். மீதி உங்கள் கண்ணும் கையும் செய்ய வேண்டியது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று, தொடங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

போவதற்கு முன்

முதலில் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். பல கோயில்காடுகளில் செருப்புப் போடக்கூடாது, காய்ந்த சுள்ளியைக்கூட எடுக்கக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டால்தான் காடு மிஞ்சியிருக்கிறது, அதனால் கிளை ஒடிக்காமல் வேலை செய்யப் பழகுங்கள். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே போக வேண்டாம்.

ஒரே முறை போய்விட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி, தை மாதங்களில் போனால் தரையில் இருக்கும் சிறு செடிகளைப் பிடிக்கலாம். பல மரங்கள் பூப்பதும் காய்ப்பதும் கோடையில். பூ இல்லாத மரத்துக்குப் பெயர் கண்டுபிடிப்பது எவ்வளவு பாடு என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

பையில் வைக்க வேண்டியவை: தையல்காரர் டேப், 50 மீட்டர் நைலான் கயிறு, நான்கு முளைக்குச்சி, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நோட்டு, பென்சில், பவர் பேங்க், தண்ணீர். பேனா வேண்டாம், மழைத்துளி பட்டால் மை கலைந்துவிடும்.

நான்கு பாலையும் ஒரு பாட்டியும்

முதல் தடவை போனபோது ஒரு மரத்தின் இலையைக் கிள்ளினேன், பால் வந்தது. ஊரில் எல்லோரும் பாலை, பாலை என்று சொல்லிக் கேட்டிருந்ததால் நோட்டில் 'பாலை' என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி எட்டிப் பார்த்தார். "தம்பி, இது வெட்பாலை. இந்த இலையைத் தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வெச்சா எண்ணெய் ஊதாவா மாறிடும். பழம் தர்ற பாலை அதோ நிக்குது பாரு" என்று பத்தடி தள்ளிக் கை காட்டினார். இரண்டும் பால் வடியும் மரங்கள்தான். ஆனால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை.

தமிழில் பாலை என்று முடியும் பெயர்கள் நிறைய. பழம் தரும் உலக்கைப்பாலை சப்போட்டாவின் சொந்தம், அதன் தாவரவியல் பெயர் மணில்காரா ஹெக்ஸான்ட்ரா. வெட்பாலையும் குடசப்பாலையும் ஏழிலைப்பாலையும் அரளியின் சொந்தம். இவற்றைப் பிரிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், இலை தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி முடிந்தது. உலக்கைப்பாலையில் ஒரு கணுவுக்கு ஓர் இலை, கிளை நுனியில் கொத்தாக நெருங்கியிருக்கும், இலையின் நுனியில் நகத்தால் கிள்ளியது போல ஒரு சின்னப் பள்ளம். வெட்பாலையிலும் குடசப்பாலையிலும் இலைகள் எதிரெதிராக ஜோடி போட்டு நிற்கும். வெட்பாலைக் காய் இரண்டிரண்டாகத் தொங்கும், இரண்டும் நுனியில் ஒட்டியிருக்கும். ஏழிலைப்பாலையில் ஒரே கணுவைச் சுற்றிச் சக்கரம் போல இலைகள்.

அதனால் பெயர் தேடும் முன்னால் கணுவைப் பாருங்கள். ஒன்றா, ஜோடியா, சக்கரமா? அடுத்து, தனி இலையா, வேப்பிலை போலப் பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலையா? கிள்ளினால் பால் வருகிறதா? கசக்கினால் வாசனை உண்டா? குருந்து இலையைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசியால் குத்தியது போல வெளிச்சப் புள்ளிகள் தெரியும். எலுமிச்சைக் குடும்பத்தின் எண்ணெய்ப் பைகள் அவை. ஜோடி இலை இருக்கும் செடியில் இரண்டு காம்புகளுக்கும் நடுவே தண்டில் ஒரு குட்டி முக்கோணச் செதில் தெரிந்தால், அது பெரும்பாலும் இட்லிப்பூவும் காப்பியும் சேர்ந்த குடும்பம். இந்த ஐந்தாறு கேள்விகள் பழகிவிட்டால், ஆப் தப்பாகச் சொல்லும்போது உங்களுக்கே உறுத்தும்.

ஓர் எச்சரிக்கை. கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் கண்ணில் பட்டால் ஆபத்து. சேங்கொட்டை தோலைப் புண்ணாக்கும். தெரியாத செடியைக் கிள்ளிவிட்டு அதே கையால் முகத்தைத் துடைக்காதீர்கள்.

போனுக்குச் சரியாகக் காட்டுங்கள்

தொடங்குகிறவர்களுக்கு இரண்டு ஆப் போதும். பிளான்ட்நெட், பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. எடுத்த படம் இலையா, பூவா, காயா, பட்டையா என்று சொல்லிக் கொடுக்கலாம், எந்த நிலப்பகுதியின் தாவரங்களுக்குள் தேட வேண்டும் என்றும் தேர்ந்தெடுக்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் 2008-இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது. அதில் கணினி சொல்லும் பெயரை மனிதர்கள் பார்த்துச் சரி, தப்பு சொல்வார்கள். நம் நாட்டுப் பதிவுகளுக்கென்று இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலும் இருக்கிறது.

இந்த ஆப்கள் எப்படிப் பெயர் சொல்கின்றன? ஏற்கெனவே பெயர் தெரிந்த ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகியிருக்கின்றன. புதுப் படம் வந்தால் அது எதைப் போல இருக்கிறது என்று ஒப்பிட்டு வரிசை போட்டுத் தருகின்றன, அவ்வளவுதான். எந்தச் செடிக்குப் படம் நிறைய இருக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். தோட்டத்துச் செடிகளுக்குக் குவியல் குவியலாகப் படம் இருக்கும். நம் காட்டின் காயாவுக்கும் வீரைக்கும் அந்த அளவுக்கு இருக்காது. பழகாத ஒரு செடியைக் காட்டினாலும் 'தெரியாது' என்று சொல்லாமல், தனக்குத் தெரிந்ததில் நெருங்கிய ஒன்றை எடுத்து நீட்டும். வெப்பமண்டலக் காட்டில் இந்தச் சிக்கல் கூடுதல். பளபளப்பான, ஓரம் வெட்டில்லாத, ஒன்று போலவே தெரியும் இலை கொண்ட மரங்கள் அங்கே ஏராளம்.

அதனால் ஒரு மரத்துக்குக் குறைந்தது ஆறு படம் எடுங்கள். முழு மரம். அடிமரத்துப் பட்டை. இலை தண்டில் நிற்கும் விதம் தெரிய ஒரு கிளை. இலையின் மேல்பக்கம், கீழ்பக்கம். பூவோ காயோ இருந்தால் அதுவும். கீழ்பக்கத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், நரம்பும் முடியும் சுரப்பிகளும் அங்கேதான் இருக்கின்றன. சின்னப் பூவை எடுக்கும்போது போன் பின்னால் இருக்கும் தரையைத்தான் தெளிவாகப் பிடிக்கும். பூவுக்குப் பின்னால் உங்கள் உள்ளங்கையை வையுங்கள், போக்கஸ் சரியாக விழும், அளவும் தெரியும். உயரத்தில் பூத்திருந்தால் கீழே உதிர்ந்ததைத் தேடுங்கள். ஆனால் அது இந்த மரத்தின் பூதானா என்று அண்ணாந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே படர்ந்த கொடியின் பூவாகவும் இருக்கலாம்.

வந்த பெயரைச் சோதிக்க நான் செய்வது இது. இலைப் படத்தைத் தனியாகக் கொடுத்துப் பார்ப்பேன், காயைத் தனியாக, பட்டையைத் தனியாக. மூன்றும் ஒரே பெயரையோ ஒரே பேரினத்தையோ (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுப்பு, தாவரவியல் பெயரின் முதல் சொல்) சொன்னால் நம்பிக்கை கூடும். இலைக்கு ஒன்றும் காய்க்கு வேறொன்றும் வந்தால் இரண்டையும் சந்தேகிப்பேன். அப்புறம் அந்தப் பெயர் நம் பகுதியில் முன்பு பதிவாகியிருக்கிறதா என்று வரைபடத்தில் பார்ப்பேன். இதுவரை தென் அமெரிக்காவில் மட்டும் பதிவான மரம் கோயில்காட்டில் தானாக முளைத்திருக்க வாய்ப்பு குறைவு.

அடுத்த படி, உலர்தாவரத் தாள்களோடு, அதாவது செடியைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பெயர் எழுதி வைத்த மாதிரிகளோடு ஒப்பிடுவது. அவற்றைச் சேர்த்து வைக்கும் இடம்தான் ஹெர்பேரியம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967-இல் தொடங்கிய ராபினட் ஹெர்பேரியம், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியம் என்று நமக்குப் பக்கத்திலேயே பெரிய சேகரிப்புகள் இருக்கின்றன. லண்டன் கியூ தோட்டத்தின் தாள்களை இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். கியூவின் இணையப் பட்டியலில் பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள், தாவரவியல் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். பழைய நூல்களில் யூஜீனியா ஜம்போலானா என்று இருப்பது நம் நாவல், இன்றைய பெயர் சிசிஜியம் குமினி. சீமைக்கருவேலத்தை 2022-இல் புரோசோபிஸிலிருந்து பிரித்து நெல்டுமா என்ற பேரினத்தில் வைத்துவிட்டார்கள். இது தெரியாமல் பட்டியல் போட்டால் ஒரே மரத்தை இரண்டு இனமாக எண்ணிவிடுவீர்கள்.

எதுவும் ஒத்துவரவில்லையா? பேரினத்தோடு நிறுத்துங்கள், குடும்பத்தோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. நோட்டில் 'தெரியாதது 7' என்று எழுதி, அதே மரவகை அடுத்த இடத்தில் வந்தாலும் அதே 7 என்றே போடுங்கள். எண்ணிக்கைக்கு இது போதும், பெயர் பிறகு வரும். அவசரத்தில் எழுதிய தப்புப் பெயரைத் திருத்துவதைவிடக் காலியாக விட்டதை நிரப்புவது சுலபம்.

கட்டம் போட்டால்தான் அளவு

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காட்டுக்குள் நடந்து, பூத்ததையும் அழகானதையும் படம் எடுத்து 60 பெயர் சேர்க்கலாம். நல்ல பட்டியல்தான். ஆனால் பக்கத்து ஊர்க் காட்டில் 45 பெயர் கிடைத்தது என்றால் எது வளமான காடு? சொல்ல முடியாது. நீங்கள் மூன்று நாள் நடந்தீர்கள், அவர் ஒரு மணி நேரம் நடந்தார். பரப்பைக் குறித்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் ஒன்றையும் விடாமல் எண்ணினால்தான் ஒப்பிட முடியும்.

உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980-களின் தொடக்கத்திலிருந்து 50 ஹெக்டேர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் கன்றையும் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள், சுமார் 300 இனங்கள். நம் முதுமலையில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ராமன் சுகுமாரும் குழுவினரும் 1988-இல் அதேபோல 50 ஹெக்டேர் குறித்தார்கள். அங்கே மரவகைகள் 70 அளவில்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறதென்றால், பரப்பும் முறையும் ஒன்று போல இருப்பதால்தான்.

நமக்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் போதும். சதுரம் கோணலாகாமல் இருக்கக் கொத்தனார் மூலை பிடிக்கும் வழியைப் பின்பற்றுங்கள். ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் அளந்து குறித்தால் குறுக்கே சரியாக 5 மீட்டர் வர வேண்டும். கடைசியில் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள், 14 மீட்டர் 14 சென்டிமீட்டர் வந்தால் சதுரம் சரி. எங்கே கட்டம் போடுவது என்பதை வீட்டிலேயே வரைபடத்தில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிடுங்கள். காட்டுக்குள் போய்த் தேர்ந்தெடுத்தால் கால் தானாக முள் இல்லாத இடத்துக்குப் போகும். சிறிய காட்டுக்குப் பத்துக் கட்டம் போட்டால் நல்ல தொடக்கம்.

நான்கு மூலையிலும் ஜிபிஎஸ் புள்ளி எடுங்கள். திறந்த வெளியில் போன் சில மீட்டருக்குள் சரியாகக் காட்டும், அடர்ந்த இலைக்கூரைக்குக் கீழே அது இன்னும் விலகும். ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கட்டத்தின் ஒரு மூலை பக்கத்துக் குளத்துக்குள் கிடந்தது. அன்றிலிருந்து இரண்டு நிமிடம் நின்று, போன் வரைபடத்தில் நம் இடத்தைச் சுற்றித் தெரியும் துல்லிய வட்டம் சுருங்கும் வரை காத்திருக்கிறேன், அதோடு மூலைக்கல்லையும் அருகிலுள்ள பெரிய மரத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்கிறேன்.

இனி ஒவ்வொரு மரமாக. அடிமரச் சுற்றளவை மார்பளவு உயரத்தில் எடுப்பது வழக்கம். உயரமானவர் மார்பும் குட்டையானவர் மார்பும் ஒன்றல்ல, அதனால் 1.3 மீட்டரில் ஒரு குச்சி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நம் வனத்துறையில் 1.37 மீட்டர் வழக்கம். எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே எடுங்கள், நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். சுற்றளவு 30 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதை மரமாக எண்ணலாம். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். இந்தக் காட்டில் அடியிலேயே நான்கைந்தாகப் பிரியும் மரங்கள் நிறைய. ஒவ்வொரு தண்டையும் தனியாக அளந்து, மரம் ஒன்று என்று குறியுங்கள். கட்டத்தின் ஒரு மூலையில் 5 மீட்டர் சதுரத்தில் புதர்களும், 1 மீட்டர் சதுரத்தில் தரைச்செடிகளும் எண்ணினால் போதும். கொடிகளை விடாதீர்கள். மோதிரக்கண்ணி, ஆதொண்டை, பிரண்டை என்று இந்தக் காட்டின் செழுமையில் கொடிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒவ்வொரு மரத்தையும் படம் எடுக்கும் முன்னால், கட்ட எண்ணும் மர எண்ணும் எழுதிய நோட்டுப் பக்கத்தை ஒரு படம் எடுங்கள். மாலையில் 400 படங்களைப் பார்க்கும்போது எது எந்த மரம் என்று தெரிய இதைவிட எளிய வழி இல்லை. குழுவாகச் செய்தால் விவரம் சேகரிக்கும் ஆப்களான கோபோ டூல்பாக்ஸ் அல்லது எபிகலெக்ட் வைத்துத் தமிழிலேயே படிவம் செய்துகொள்ளலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள்.

கணக்கு

எத்தனை இனம் என்பது முதல் எண். அது மட்டும் போதாது. ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு காடுகள், இரண்டிலும் 100 மரம், இரண்டிலும் 10 இனம். முதல் காட்டில் ஒவ்வோர் இனமும் பத்துப் பத்து. இரண்டாவது காட்டில் ஓர் இனம் 91, மற்ற ஒன்பதும் ஒவ்வொன்றே ஒன்று. நடந்து போகிறவர் கண்ணுக்கு இரண்டாவது காடு ஒரே மரத் தோப்பு. இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் ஷானன் குறியீடு. தகவல் தொடர்புக்காக கிளாட் ஷானன் 1948-இல் உருவாக்கியதைச் சூழலியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கையையும் மொத்தத்தால் வகுங்கள். வந்த பின்னத்தை அதன் இயற்கை மடக்கையால் (ஸ்ப்ரெட்ஷீட்டில் LN) பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி, மைனஸ் குறியை மாற்றுங்கள். முதல் காட்டுக்கு 2.30, இரண்டாவதுக்கு 0.50 வரும். இந்த எண்ணை அப்படியே ஊர்க்காரர்களிடம் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. மடக்கையைத் திருப்பிப் போடுங்கள் (ஸ்ப்ரெட்ஷீட்டில் EXP). முதல் காடு 10, இரண்டாவது 1.65. அதாவது பட்டியலில் 10 பெயர் இருந்தாலும், இரண்டாவது காடு ஏறக்குறைய இரண்டே இனம்கூட இல்லாத காடு போலத்தான் இருக்கிறது. சீமைக்கருவேலம் புகுந்த இடங்களில் இந்த எண் சரிவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இன்னும் எத்தனை இனம் நம் கண்ணில் படாமல் இருக்கிறது? கட்டம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போய், மொத்த இனங்களைக் கோடாக வரையுங்கள். கோடு ஏறிக்கொண்டே இருந்தால் கட்டம் போதவில்லை, படுத்துவிட்டால் போதும். தைவானின் புள்ளியியலாளர் ஆன் சாவ் 1984-இல் தந்த எளிய கணக்கும் உண்டு. ஒரே ஒரு மரமாக மட்டும் கிடைத்த இனங்களின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, இரண்டே மரமாகக் கிடைத்த இனங்களின் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்து, கண்ட இனங்களோடு கூட்ட வேண்டும். 32 இனம் கண்டீர்கள், அதில் 8 ஒற்றை, 4 இரட்டை என்றால் 64-ஐ 8-ஆல் வகுத்து 8. ஆக, குறைந்தது 40 இனம் இருக்கலாம்.

செயற்கைக்கோளில் பார்த்தால் ஆகாதா என்று கேட்பார்கள். சென்டினல் 2 படங்கள் இலவசம், அதன் ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம், நம் ஒரு கட்டம் அளவு. காடு சுருங்குகிறதா, கோடையில் பசுமை நிற்கிறதா என்று பார்க்க நல்லது. இனம் சொல்லாது. சீமைக்கருவேலமும் பச்சைதான். மரபணு வழியும் இருக்கிறது. தாவரங்களுக்கென்று 2009-இல் இரண்டு மரபணுத் துண்டுகளை அடையாளக் குறியாக ஒத்துக்கொண்டார்கள். அதற்கு ஆய்வகம் வேண்டும், நெருங்கிய இனங்களை எப்போதும் பிரிக்காது. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். தொடங்குகிறவருக்கு இப்போது தேவையில்லை.

பதிவேற்றும்போது

ஐநேச்சுரலிஸ்டில் போடும்போது நட்டு வளர்த்ததை நட்டது என்று குறியுங்கள். கோயில் வாசலில் வைத்த செண்பகமும் காட்டுக்குள் தானாக முளைத்த காயாவும் ஒரே கணக்கில் வரக்கூடாது. அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை அந்தத் தளமே பெரிய பரப்பில் மங்கலாக்கிக் காட்டும், ஆனாலும் நீங்களும் சரிபாருங்கள். சந்தனமோ கருங்காலியோ நின்றால் இடத்தை மறைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள். வெட்ட ஆள் வரும்.

முடிந்த பட்டியலின் ஒரு பிரதியைத் தமிழ்ப் பெயர்களோடு உங்கள் உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுங்கள், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அது ஏற வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தின் காசம்பட்டி வீரகோவில் காடு 5 ஹெக்டேர்கூட இல்லை, 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இன்னொரு பிரதியைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்தபோது 'தெரியாதது 3' என்ற இடத்தில் நிறுத்தி, படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நெக்கொட்டான் மரம்யா" என்றார். கியூ தாள்களோடு ஒப்பிட்டேன், லெபிசாந்தஸ் டெட்ராஃபில்லா, சரியாக இருந்தது.